நாளிதழ்த் தீவு

போன வாரம் எங்கள் அலுவலகத்தில் எல்லாருக்கும் ஒற்றுமை கற்பித்தார்கள். காலையில் தொடங்கி மாலை வரை, மதியச் சாப்பாட்டோடு. ஒரே தளத்தில் உட்கார்ந்து, ஒரே கோப்பி இயந்திரத்தைத் திட்டிக்கொண்டு இத்தனை வருடம் வேலை பார்த்தும் எங்களுக்கு அந்தக் கலை கைவரவில்லை என்று மேலிடத்துக்கு எப்படியோ தெரிந்துவிட்டிருக்கிறது. ஒரு கூடத்தை வாடகைக்கு எடுத்து, மேசை நாற்காலிகளை ஓரங்கட்டி, எங்களை வட்டமாக நிற்கவைத்தார்கள். ஐம்பதை நெருங்குகிறவனுக்கு வட்டமாக நிற்பதில் ஒரு சங்கடம் உண்டு. தொந்தியை எந்தப் பக்கம் திருப்பினாலும் எதிரில் ஓர் ஆள் இருப்பார்.

பயிற்சி கொடுக்க வந்தவள் தமிழ்ப் பெண். யாழினி என்று சட்டையில் பெயர் குத்தியிருந்தாள். என் மகள் வயதிருக்கும். பையிலிருந்து ஒரு கட்டுப் பழைய செய்தித்தாளை எடுத்துக் கம்பளத்தின்மேல் ஒவ்வொன்றாக விரித்தாள். எல்லாம் தமிழ்த் தாள்கள். சீன நண்பர்களும் மலாய் நண்பர்களும் குனிந்து படம் பார்த்தார்கள். அவள் என் பக்கம் வந்து, குரலைத் தாழ்த்தி மன்னிப்புக் கேட்டாள்.

“சாரி அங்கிள். யார் வீட்லயும் பேப்பரே இல்ல, எல்லாம் ஃபோன்லதான் படிக்கிறாங்க. காலைல தேக்கா போய் பூக்கடைல கேட்டேன். பூ வாங்கினாத்தான் பேப்பர்னு சொல்லிட்டாங்க லா.”

அவள் தலையில் ஏன் அத்தனை மல்லிகை என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

அச்சுமை வாசனையை நீங்கள் எப்போது கடைசியாக முகர்ந்தீர்கள், யோசித்துப் பாருங்கள். எனக்கு நினைவில்லை. மையும் மல்லிகையும் குளிர்சாதனக் காற்றில் கலந்து மூக்கில் ஏறியதும், இடது பின்புறத்தில், இடுப்புக்குச் சற்றுக் கீழே, ஒரு பழைய வலி எட்டிப் பார்த்தது. நினைவு மூளையில் இருக்கிறது என்பவர்கள் ஒல்லியானவர்களாக இருக்க வேண்டும்.

யாழினி ஆங்கிலத்தில் விதிகளைச் சொல்லிக்கொண்டிருந்தாள். இந்தத் தாள்தான் உங்கள் தீவு. குழுவில் எல்லாரும் அதன்மேல் நிற்க வேண்டும். சுற்றுக்குச் சுற்று தாளைப் பாதியாக மடிப்பேன். யார் காலும் தரையில் படக்கூடாது. நான் கேட்பதுபோலத் தலையாட்டிக்கொண்டிருந்தேன். அந்தத் தீவில் நான் முன்பே ஒருமுறை குடியிருந்திருக்கிறேன்.

அப்போது உயர்நிலை இரண்டு படித்துக்கொண்டிருந்தேன். என் பள்ளியில் தமிழ் கிடையாது. வகுப்பில் தமிழன் நான் ஒருவன்தான். ஆகவே வாரத்தில் இரண்டு பிற்பகல், பள்ளி விட்டதும் பேருந்து ஏறி, பல பள்ளிப் பிள்ளைகள் தமிழ் படிக்க வந்து சேரும் ஒரு நிலையத்துக்குப் போவேன். அங்கே ஒரே வகுப்பில் வெள்ளைச் சட்டை, நீலச் சட்டை, பச்சைக் கால்சட்டை, காக்கி என்று விதவிதமான சீருடைகள் உட்கார்ந்திருக்கும். சீருடை என்ற சொல்லுக்கே அங்கே அர்த்தமில்லை. ஆனால் ‘நாம’ என்று ஒருவர் சொன்னால் அதில் நானும் அடக்கம் என்று எனக்குத் தோன்றிய ஒரே இடம் அதுதான்.

காரணம் சொல்கிறேன். எடை கூடிய பிள்ளைகளை இடைவேளையில் திடலைச் சுற்றி ஓடவிடும் வழக்கம் அந்தக் காலத்தில் பல பள்ளிகளில் இருந்தது. என் பள்ளியிலும் இருந்தது. மற்றவர்கள் மீ கோரிங் தின்றபடி எங்களை வேடிக்கை பார்ப்பார்கள். ஓடி இளைத்ததாக எனக்கு ஞாபகமில்லை. மீ கோரிங்கை வாசனையிலேயே அளந்து சொல்லும் திறமை மட்டும் வந்தது. இன்றுவரை அது கைவிடவில்லை.

செல்வா எங்கள் புளோக்தான். உட்லண்ட்ஸில் எங்கள் வீட்டுக்கு இரண்டு மாடி மேலே. பள்ளி வேறு, ஆனால் நிலையத்துக்குப் போகும் பேருந்தில் ஏறி எனக்கு இடம் பிடித்து வைத்திருப்பான். எனக்கு இடம் பிடிப்பதென்றால் சும்மா இல்லை. ஒன்றரை இடம் பிடிக்க வேண்டும். நான் ஏதாவது சொல்லி முடிக்கும் முன்பே சிரித்துவிடுவான். ஒருவனைச் சிரிக்க வைக்க முடியும், அதுவும் ஓடிக் காட்டாமலே முடியும் என்பதை நான் அவன் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். இன்றைக்கு நான் நாலு வரி வேடிக்கையாக எழுதுகிறேன் என்றால் அதற்கு முதல் ரசிகன் அவன். இதை எழுதும்போது கை கொஞ்சம் தயங்குகிறது. ஆனாலும் உண்மை உண்மைதான்.

அந்தப் பேருந்தில்தான் நாடகம் பிறந்தது. நிலையத்தின் தமிழ் விழாவில் எங்கள் வகுப்புக்கு ஓர் அங்கம் உண்டு. நான் மின்தூக்கியை வைத்து ஒரு கூத்து எழுதினேன். அந்நாளைய வீவக அடுக்குமாடி வீடுகளின் மின்தூக்கிகள் உங்களுக்கு நினைவிருக்கும். எல்லா மாடியிலும் நிற்காது. நாலு மாடிக்கு ஒருமுறை நிற்கும். மற்ற மாடிக்காரர்கள் ஏறியோ இறங்கியோ நடக்க வேண்டும். எங்கள் வீடு எங்கிருந்து பார்த்தாலும் நடுவில். என் நாடகத்தில் அப்படியொரு மின்தூக்கி பழுதாகி நடுவழியில் நின்றுவிடுகிறது. உள்ளே நாலு பேர். அதில் ஒருவன் குண்டன். “உன்னாலதான்யா நின்னுபோச்சு, இறங்கு” என்று மற்ற மூவரும் அவனைத் திட்டுகிறார்கள். கதவோ திறக்காது. எங்கே இறங்குவது? கடைசியில் அந்தக் குண்டனே மூச்சைப் பிடித்து ஒரு குதி குதிக்க, சிக்கியிருந்த மின்தூக்கி விடுபட்டு நகர்கிறது. மூவரும் அவனைத் தூக்கப் பார்த்து, முடியாமல், கும்பிடுகிறார்கள்.

குண்டன் வேடம் யாருக்கு என்று நீங்கள் கேட்க மாட்டீர்கள். என்னைப் பார்த்து எல்லாரும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்கள். நான் சொல்லும்போது, நான் சொல்லும் இடத்தில் அவர்கள் ஒருமுறை சிரிக்க வேண்டும் என்பதுதான் எனக்கு வேண்டியிருந்தது. அம்மா அதற்கென்று புதுச் சட்டை எடுத்துவிட்டாள். மேல் மாடி, கீழ் மாடி, எதிர் புளோக் எல்லாருக்கும் தகவல் போய்விட்டது.

இன்ஷூரன்ஸ் முகவர் வேடம் செல்வாவுக்கு. மற்ற இரண்டும் ரவி, ரகு என்ற இரட்டையருக்கு. கேலாங்கிலிருந்து வருவார்கள். ஒருவன் தொடங்கிய வாக்கியத்தை மற்றவன் முடிப்பான். அதனால் இருவருக்கும் சேர்த்து ஒரே வசனம் எழுதி மையை மிச்சம் பிடித்தேன்.

சிக்கல் என்னவென்றால், பெண்பிள்ளைகளும் ஓர் அங்கம் தயார் செய்திருந்தார்கள். மேடையில் இருந்ததோ ஒரே இடம். எங்கள் மாசிலாமணி சார் சாதாரணமாக இதை ஓர் உறுமலில் தீர்த்திருப்பார். ஆனால் அவர் அப்போதுதான் ‘குழுமுறைக் கற்றல்’ என்று ஏதோ பயிற்சிக்குப் போய்விட்டு வந்திருந்தார். பிரம்பு இருந்த கையில் வண்ணப் பேனா. எங்களைச் ‘செல்லங்களா’ என்று ஒருமுறை கூப்பிட்டுப் பார்த்து, வகுப்பே வெலவெலத்துப் போனதால் அதை மட்டும் கைவிட்டார்.

அன்று மேசைகளைச் சுவரோரம் தள்ளச் சொன்னார். இரண்டு நாளிதழ்களை விரித்தார். பலகையில் ‘ஒற்றுமை’, ‘நம்பிக்கை’ என்று எழுதி, இரண்டுக்கும் கீழே கோடு போட்டார்.

“இது தீவு. சுற்றிக் கடல். கடைசிவரை எந்தக் குழு தாளின்மீது நிற்கிறதோ, அந்தக் குழுவுக்கே மேடை. யாரிடம் ஒற்றுமை இருக்கிறதென்று இப்போது தெரிந்துவிடும்.”

தெரிந்துதான் விட்டது.

முதல் மடிப்பு எளிது. இரண்டாவதில் கட்டிக்கொண்டோம். செருப்பு, காலணி எல்லாம் கழற்றியிருந்தோம். நாள் முழுக்கக் காலுறைக்குள் வெந்த எட்டுப் பாதங்களின் வாசனையோடு அச்சுமையும் ரகுவின் தலையெண்ணெயும் கலந்து வந்த அந்தக் காற்றை எந்தக் கவிஞரும் பாடியதில்லை, பாடாதது நல்லது. எதிர்த் தீவில் ஜெசிமா தலைமையில் நாலு பெண்கள் ஒருத்தியை ஒருத்தி இறுக்கிக்கொண்டு, சிரிப்பை அடக்க முடியாமல் குலுங்கிக்கொண்டிருந்தார்கள்.

“டேய் குண்டோதரா, மூச்ச உள்ள இழுத்துக்கோ! உங்க தீவு முழுகுது!” என்று கத்தினாள் ஜெசிமா. அவளுக்கு வாய் அதிகம். நல்ல வாய்.

கடைசி மடிப்பில் தாள் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வந்துவிட்டது. இரட்டையர் நடுவில் ஒட்டிப் பிறந்தவர்கள்போல நின்றார்கள். செல்வாவுக்கு ஒரு கால் வைக்க இடம். எனக்குக் கட்டைவிரலும் அதன் சுற்றுவட்டாரமும். நான் உடம்பை வெளிப்பக்கம் சாய்த்தால்தான் மற்ற மூவருக்கும் இடம். சாய்ந்தால் என்னை யாராவது பிடிக்க வேண்டும். செல்வா என் மணிக்கட்டை இரண்டு கையாலும் பற்றினான்.

“சாஞ்சுக்கடா. நான் புடிச்சிருக்கேன்.”

“வெயிட்டுடா நானு. யோசிச்சுக்க.”

“நான் புடிச்சிருக்கேன்னு சொல்றேன்ல. நம்பு.”

சாய்ந்தேன். முழுக்கச் சாய்ந்தேன். அதை எப்படிச் சொல்வது? எடை அதிகமான பிள்ளைகள் எங்கேயும் முழு எடையை வைப்பதில்லை. நாற்காலியில் உட்காரும்போதுகூடக் காலில் பாதி எடையைத் தாங்கிக்கொண்டுதான் உட்காருவோம்; உடைந்துவிட்டால் மானம் போகும். அன்றைக்கு முதல்முறையாக என் மொத்த எடையையும் இன்னொருவன் கையில் ஒப்படைத்தேன். உடம்பு லேசானதுபோல இருந்தது. கூரையில் மின்விசிறி சுற்றுவது தெரிந்தது. சந்தோஷமாக இருந்தது என்று சொன்னால் சிரிக்காதீர்கள்.

சார் பத்து வரை எண்ணத் தொடங்கினார். பாதி வழியில் எங்கள் தீவு ஆடியது. செல்வாவின் உடம்பு என் பக்கம் இழுபட்டது. அவன் முகம் என் முகத்துக்கு நேரே இருந்தது. என்னைப் பார்த்தான். பிறகு தாளைப் பார்த்தான். பிறகு கை விட்டது.

நான் விழுந்த சத்தத்தில் பக்கத்து வகுப்பு ஆசிரியர் வெளியே வந்து பார்த்தார். அதே நேரத்தில் எதிர்த் தீவும் சரிந்தது. ஓரத்தில் நின்ற ஒருத்தி தடுமாற, அவளை மற்றவர்கள் விடாமல் பிடித்து இழுக்க, நாலு பேரும் ஒரே மூட்டையாகத் தரையில். எங்கள் தாளில் மட்டும் மூன்று பேர் நின்றார்கள். என் எடை போனதும் தீவு கல்போல நின்றது.

சார் கைதட்டினார். ஜெசிமா தரையில் கிடந்தபடியே கையை உயர்த்தினாள்.

“சார், இது அநியாயம்! அவங்க ஒரு ஆள விட்டுட்டாங்க. நாங்க யாரையும் விடல. விழுந்தாலும் சேர்ந்துதான் விழுந்தோம்!”

மாசிலாமணி சார் யோசித்தார். பயிற்சியில் இந்தக் கட்டம் சொல்லித்தரப்படவில்லை போலும். விதிப்படி பையன்கள் வென்றுவிட்டார்கள். ஆனால் அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் ஒரு தீர்ப்பைக் கண்டுபிடித்தார். சொல்லும்போது அவர் முகத்தில் நீதிமன்றக் களை வந்தது.

“சரி. மேடை இந்தக் குழுவுக்கே. ஆனால், தாளில் நின்றவர்கள் மட்டும் மேடை ஏறலாம். விழுந்தவர் ஏற முடியாது. சம்மதமா?”

அந்த வகுப்பில் எனக்காகப் பேசியவள் ஜெசிமா ஒருத்திதான். அவள் பேசியதால்தான் என் வேடம் போயிற்று. நியாயம் கேட்பதில் இப்படி ஓர் ஆபத்து இருக்கிறது.

நான் தரையிலிருந்து செல்வாவைப் பார்த்தேன். “அவன்தான் சார் நாடகத்த எழுதினான்” என்று ஒரு வாக்கியம் போதும். அவனுக்கு அது தெரியும். இரட்டையர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். செல்வாதான் முதலில் வாயைத் திறந்தான்.

“சரி சார்.”

கை வழுக்கியிருக்கலாம். வியர்வை, எடை, பயம், எல்லாம் உண்டு. இத்தனை வருடத்தில் அந்தக் கைக்கு நான் எத்தனையோ முறை விடுதலை கொடுத்துவிட்டேன். நாக்கு வழுக்கவில்லை.

வீட்டுக்குப் போகும் பேருந்தில் அவன் எனக்கு வழக்கம்போல ஒன்றரை இடம் பிடித்து வைத்திருந்தான். நான் நின்றுகொண்டே வந்தேன். இறங்கியதும் பின்னாலேயே வந்தான்.

“கோவமாடா? கேம்தானே. நான் விடலேன்னா நாலு பேருமே விழுந்திருப்போம். டீமுக்காகத்தான்டா விட்டேன்.”

“சார் கேட்டப்ப ஏன்டா சொல்லல?”

“என்ன சொல்லல?”

கோப்பிக்கடையில் ஐஸ் கச்சாங் வாங்கிக் கொடுத்தான். தின்றேன். துரோகம் வேறு, தாகம் வேறு. ஆனால் சிவப்புச் சர்க்கரைப்பாகு அன்றைக்கு ஏனோ இருமல் மருந்துபோல இருந்தது.

விழாவில் நான் புதுச் சட்டையோடு அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எனக்குக் கால் சுளுக்கு என்று அவளிடம் சொல்லி வைத்திருந்தேன். செல்வா சட்டைக்குள் ஒரு தலையணையைத் திணித்துக்கொண்டு குண்டனாக வந்தான். அவனுக்கு நான் எழுதியிருந்த இன்ஷூரன்ஸ் முகவரை வெட்டிவிட்டார்கள். யாரும் அவரைத் தேடவில்லை. நான் சிரிக்க வேண்டும் என்று எழுதிய ஒவ்வோர் இடத்திலும் சபை சரியாகச் சிரித்தது. ஓர் இடம்கூடத் தவறவில்லை. அவன் குதித்தபோது தலையணை நழுவிக் கீழே விழுந்தது. அதற்கும் சிரித்தார்கள். அது மட்டும் நான் எழுதாதது.

முடிந்ததும் ஒலிவாங்கியோடு நின்றவர், “மிகப் பிரமாதம்! யார் எழுதியது?” என்று கேட்டார். நான் நாற்காலியில் நிமிர்ந்தேன்.

“நாங்க எல்லாரும் சேர்ந்து எழுதினோம் சார். குழு வேலை!” என்றான் செல்வா. மாசிலாமணி சாருக்குப் பூரிப்பில் கண் கலங்கிவிட்டது. கூடம் முழுக்கக் கைதட்டல். அம்மாவும் தட்டினாள்.

“நீயும் அந்தக் குழுவுல இருந்தவந்தானேடா?” என்றாள் பெருமையாக.

“இருந்தேம்மா” என்றேன்.

பிறகு உயர்நிலை முடிந்தது. செல்வா வீடு மாறிப் போனான். வாழ்க்கை ஒவ்வொருவரையும் ஒவ்வொரு பேருந்தில் ஏற்றிவிட்டது. சில ஆண்டுகளுக்கு முன், தீபாவளி நெரிசலில், தேக்கா உணவங்காடியில் ஒரு வழுக்கைத்தலைக்காரர் என் தோளைத் தட்டினார். சிரிப்பிலிருந்துதான் அடையாளம் தெரிந்தது. மனைவி, இரண்டு பிள்ளைகள். இழுத்து உட்காரவைத்தான். எனக்குப் பிரியாணி வந்தது.

“இவன்தான் நான் சொல்வேன்ல, என் பெஸ்ட் ஃப்ரெண்டு. உட்லண்ட்ஸ்ல ஒரே புளோக். லிஃப்ட் டிராமா ஒண்ணு எழுதிப் போட்டோம்லா, அதுல நான்தான் குண்டன். செம ஹிட்டு!” என்று மனைவியிடம் சொன்னான். பிறகு என் பக்கம் திரும்பினான். அவன் முகத்தில் கள்ளமே இல்லை. அந்த முகத்தில் நான் இரண்டு முறை தேடிப் பார்த்துவிட்டேன். இல்லை.

“ஏன்டா, அதுல நீ என்ன வேஷம் போட்ட?”

எத்தனையோ வருடமாக ஒருவனை மனத்துக்குள் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தி வைத்திருக்கிறோம். அவனோ அந்த வழக்கே தெரியாமல் வெளியே பிரியாணி தின்றுகொண்டிருக்கிறான். நியாயமாகப் பார்த்தால் அன்றுதான் அவன் என் கையை முழுக்க விட்டான்.

“பார்வையாளர் வேஷம்” என்றேன்.

அவன் மனைவி விழுந்து விழுந்து சிரித்தார். “அண்ணன் நல்லா ஜோக் அடிக்கிறாருங்க!” செல்வாவும் சிரித்தான். பழையபடி, நான் முடிக்கும் முன்பே.

சரி, கூடத்துக்கு வருவோம். அங்கே தாள் கடைசி மடிப்புக்கு வந்திருந்தது. எங்கள் குழுவில் ஐந்து பேர். கணக்குப் பிரிவிலிருந்து வந்த வெய் ஜியே என்ற பையன், சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாதவன், ஒற்றைக்காலில் நின்றுகொண்டு என்னிடம் கையை நீட்டினான்.

“அங்கிள், லீன் லா. ஐ காட் யூ.”

சாய்ந்துகொள், பிடித்திருக்கிறேன் என்கிறான். பூக்கடைத் தாளிலிருந்து மல்லிகையும் அச்சுமையும் குப்பென்று வந்தன. நான் அவன் கையைப் பார்த்தேன். பிறகு தாளைப் பார்த்தேன். யாரும் என்னைத் தள்ளுவதற்கு முன், யாரும் என்னை விடுவதற்கு முன், நானே காலை எடுத்துத் தரையில் வைத்தேன்.

பிறகு யாழினி கைதட்டத் தொடங்கினாள். கூடமே தட்டியது. “பாத்தீங்களா, மத்தவங்க நிக்கணும்னு அங்கிள் தன் இடத்தையே விட்டுக் கொடுத்துட்டாரு! இதான் டீம் ஸ்பிரிட்!” என்று தமிழில் ஆரம்பித்து ஆங்கிலத்தில் விளக்கினாள். மாலையில் சிறந்த குழு உணர்வுக்கான பரிசு எனக்குத்தான். நிறுவனத்தின் பெயர் பொறித்த தண்ணீர்ப் புட்டி. மூடி கொஞ்சம் ஒழுகுகிறது.

எல்லாரும் என்னைப் பாராட்டிக்கொண்டிருந்தபோது வெய் ஜியே மட்டும் கையை மடக்காமல் நின்றான். பிறகு அதைத் தன் கால்சட்டையில் துடைத்துக்கொண்டே சொன்னான்: “அங்கிள், ஐ ரியலி காட் யூ, வாட்.” நிஜமாகவே பிடித்திருந்தேனே என்று. குரலில் ஒரு சின்ன மனக்குறை.

எங்கள் நிலையம் இருந்த இடத்தில் இப்போது கூட்டுரிமை வீடுகள், நீச்சல் குளத்தோடு. என் பள்ளி இன்னொன்றோடு இணைந்து பெயரையும் இழந்துவிட்டது. மின்தூக்கிகள் எல்லா மாடியிலும் நிற்கின்றன. நாளிதழ் வேண்டுமென்றால் பூ வாங்க வேண்டியிருக்கிறது. இதற்கெல்லாம் நான் பெரிதாக வருத்தப்படவில்லை. மின்தூக்கி விஷயத்தில் என் முழங்காலுக்கு மகிழ்ச்சிதான்.

அந்தப் பையன் பிடித்திருப்பான். எனக்குத் தெரியும். ஆனால் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு முழு எடையோடு சாயத் தெரிந்த ஒருவன் எங்களிடம் இருந்தானே, குண்டாக, பதினான்கு வயதில், அவனை இப்போது எந்தத் தீவில் போய்க் கூட்டிவருவது?